மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்துங்கள்

கிராமத் தலைவர் மாமாவுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

போன மாதம் கோயில் திடலில் மேடை போட்டு, மைக் செட் கட்டி, வெளியூர் வைத்தியர் ஒருவரைப் பேச வைத்தீர்கள். செலவு நம் தலைக்கட்டு வரிப் பணம். ஒன்றரை மணி நேரம் பேசினார். நான் திடலுக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை, குழாய் ஸ்பீக்கரில் ஒன்றை எங்கள் வாசல் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். என் மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். வெளியே பேச்சு, ஆட்டிசம் இருப்பதால் பேச்சும் பழகும் விதமும் வேறாக இருக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஆட்டிசம் தடுப்பூசியால் வருகிறது என்றார் வைத்தியர். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாக்கள் செல்போன் கொடுப்பதால் என்றார். அப்புறம், கர்ப்பத்தோடு கடலில் இறங்கும் பெண்களின் வயிற்றில் குளிர் ஏறி வருகிறது என்றார். மூன்றில் எது என்று யாரும் எழுந்து கேட்கவில்லை. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: ஊசி விஷத்தை உடம்பிலிருந்து இறக்கும் பொடி, ஒரு மண்டலத்துக்கு 3,500 ரூபாய். நான்கு வீட்டில் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் அதற்காக அடகு வைத்த தோடு இன்னும் திரும்பவில்லை.

அதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், 'குழப்பம் தெளிகிற வரைக்கும்' புதன்கிழமை தடுப்பூசிக்குச் சமுதாயக் கூடத்துச் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். அதன் பிறகு மூன்று புதன் போய்விட்டது. நர்சம்மா நீல ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால்வாடித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். போன புதன் ஒரே ஒரு பிள்ளை, அதையும் அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டி தூக்கி வந்தார்.

இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கடலில் பாசி எடுப்பவள், அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவள். ஆட்டிசத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் என் மகன் தூங்கிய பிறகு செல்போனில் படித்தது, டாக்டரிடமும் தெரபிஸ்டிடமும் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தது.

முதலில் கடல் விஷயம். மகள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம்வரை, விரலில் துணி சுற்றிக்கொண்டு, தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தேன். வீட்டில் அப்படிக் கடன். மகன் வயிற்றில் இருந்தபோது காலில் நீர் கோத்துக்கொண்டதால் ஐந்தாம் மாதமே நின்றுவிட்டேன். மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் பேசுகிறாள், வீட்டில் அவள் வாயை மூட முடியாது. கடல்தான் காரணம் என்றால் ஏழு மாதம் கடலில் கிடந்த பிள்ளையல்லவா பேசாமல் போயிருக்க வேண்டும்? தலைவர் வீட்டு அத்தையும் நானும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். அத்தை எத்தனை மாதம்வரை முங்கினார் என்று இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது கேட்டுப் பாருங்கள், மாமா.

வைத்தியர் வருவதற்கு முன்பே எனக்குக் காரணங்கள் நிறையக் கிடைத்துவிட்டன. கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாய். குலசாமிக்கு நேர்ந்த கிடா பாக்கி. பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்காமல் பாசியே கதி என்று கிடந்தாய். அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது உன் மனசு சரியில்லை. என் வீட்டுக்காரர் வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதான் கடல்பசுவை, கொன்ற பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார். அவர் போகும் படகில் ஆவுளியா சிக்கியதே கிடையாது. எண்ணிப் பாருங்கள், அந்த ஆவுளியா ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

மகனுக்கு மூன்றரை வயதில், தோஷம் கழிய 22 தீர்த்தம் ஆட வேண்டும் என்று மாமியார் சொன்னார். ராமேஸ்வரம் போனோம். மேலே தண்ணீர் பட்டால் நமக்குக் குளிரும், அவ்வளவுதான். அவனுக்கு அப்படி இல்லை. சட்டைக் காலரில் இருக்கும் லேபிள்கூட முள்ளாகக் குத்துகிற உடம்பு அது. முதல் கிணற்றில் வாளித் தண்ணீர் தலையில் விழுந்ததும் விறைத்துப்போனான். மூன்றாவது கிணற்றில் என் தோளைக் கடித்தான், பல் பதிந்தது. பின்னால் ஈரத்தோடு நின்ற ஒரு அம்மாள், "புடிச்சது எறங்குதும்மா, விட்டுராதீங்க, இருபத்திரண்டும் ஊத்துங்க" என்றார். நான் ஏழோடு நிறுத்திவிட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு வெளிப்பிரகாரத்துக்கு வந்து இறக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனாக எழுந்து ஒரு தூணைத் தொட்டான். அப்புறம் அடுத்த தூண். அப்புறம் அடுத்தது. அந்த நீளப் பிரகாரம் முழுக்க ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டே நடந்தான், ஈரச் சேலையோடு பின்னாலேயே நானும் நடந்தேன். அழுகை எந்தத் தூணில் நின்றது என்று தெரியவில்லை. ராமநாதசுவாமியை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அங்கே போனால் நானும் அவனும் தூண் தொட்டுத்தான் வருகிறோம்.

'எதனால்' என்று தேடியதிலேயே எங்களுக்கு இரண்டு வருஷம் போனது. தாயத்து, தொக்கம் எடுப்பது, நாக்கில் வசம்பு, எல்லாம் பார்த்தோம். மூன்றே முக்கால் வயதில்தான் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் அவனோடு தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். பழைய வீடியோ இருந்தால் காட்டச் சொன்னார். முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தது. கேக்கைச் சுற்றிப் பத்துப் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்த வீடியோவை நாங்கள் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம், "ஃபேன் மெக்கானிக்" என்று.

நீங்கள் சந்தேகப்படும் தட்டம்மை–ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசியில் இரண்டாவது தவணை 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போடுவது. பிள்ளை பேசவில்லையே, திரும்பவில்லையே என்று வீட்டில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அதே வயதில்தான். ரெண்டும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்றால் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது. பிறந்தநாள் வீடியோ இல்லாவிட்டால் இன்றைக்கும் தோன்றியிருக்கும்.

இந்த ஊசிக் கதை எங்கே பிறந்தது தெரியுமா? 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர், வெறும் 12 பிள்ளைகளை வைத்து லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டியதில், பிள்ளைகளின் விவரங்களே மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. ஊசிக் கம்பெனிமேல் கேஸ் போடத் தயாரான வக்கீலிடம் வேக்ஃபீல்ட் பணம் வாங்கியதும் தெரிந்தது. 2010இல் அந்தப் பத்திரிகை கட்டுரையை வாபஸ் வாங்கியது. அதே வருஷம் அவருடைய டாக்டர் பதிவே போனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2019இல் சொன்னார்கள்: தட்டம்மை–பொன்னுக்குவீங்கி–ருபெல்லா ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளின் பொய்க்கணக்கு பனைமரம்போல நிற்கிறது, ஆறரை லட்சம் பிள்ளைகளின் கணக்கு நம் திடலுக்கு வந்து சேரவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எல்லாம் போகலாம். அதோடு ஆட்டிசமும் வரலாம். 1964 வாக்கில் அமெரிக்காவில் ருபெல்லா பெரிதாகப் பரவியது. அப்போது வயிற்றிலேயே பாதிக்கப்பட்ட 243 பிள்ளைகளை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர் பார்த்தார். மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகமாக அவர்களிடம் ஆட்டிசம் இருந்தது என்று 1971இல் எழுதினார். ஆட்டிசத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த சில காரணங்களில் ருபெல்லாவும் ஒன்று, அதைத் தடுக்கிற ஊசிக்குத்தான் நீங்கள் கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இன்றைக்கு ஊசி போடாமல் விட்ட பெண் பிள்ளைகள் நாளைக்கு மாசமாக இருக்கும்போது யார் பதில் சொல்வது?

2017இல் இந்த ஊசியைத் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பயந்து பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அன்றைக்கும் போடவில்லை, அதற்குப் பிறகும் போடவில்லை. அந்தப் பிள்ளையும் என் மகனும் ஒரே நாளில்தான் தெரபிக்குப் போகிறார்கள். அந்த அம்மாவும் நானும் ஒரே பஸ். அவளுக்கு ஊரில் சொன்ன காரணம், ஊசி போடாமல் விட்டது!

எந்தப் பக்கம் போனாலும் தாய்தான் அகப்படுகிறாள். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஆட்டிசத்தை 1943இல் 11 பிள்ளைகளிடம் பார்த்து எழுதியவர் லியோ கானர். பிறவியிலேயே இருக்கிறது என்று எழுதிய அவரே, பெற்றோர் பாசமில்லாதவர்கள் என்றும் சொல்லிவைத்தார். அதிலிருந்து 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று ஒரு பேச்சுக் கிளம்பியது, அம்மா ஐஸ்கட்டி மாதிரி இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனதாம். சிகாகோவில் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அங்கேயும் எத்தனை பெண்கள் என்னைப்போல ராத்திரியில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்களோ. அந்த 'ஃபிரிட்ஜ் அம்மா' பேச்சை அந்தப் புத்தகத்துக்கு முன்பே, 1964இல், எதிர்த்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர், ஆட்டிசப் பிள்ளைக்கு அப்பா. 1977இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த 11 ஜோடியில் 4 ஜோடிகளில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எந்த இரட்டையரானாலும் இரண்டு பேரையும் வளர்த்தது ஒரே அம்மாதானே? 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரை வைத்துப் பார்த்ததில், ஆட்டிசத்துக்கான காரணத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபு வழி என்று வந்தது. ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கும் மேல். அதனால்தான் ஒரு பிள்ளைபோல இன்னொரு ஆட்டிசப் பிள்ளை இருப்பதில்லை.

வைத்தியர் சொன்னது எல்லாமே பொய் என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தையிடம் போனைக் கொடுத்து உட்காரவைப்பது நல்லதில்லை, பேச்சுத் தள்ளிப்போகும். நம் ஊரில் அது நடக்கிறது, என் வீட்டிலும் நடந்தது. ஆனால் செல்போனால் ஆட்டிசம் வராது. சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்புக் கூடுகிறது என்றும் சொன்னார், அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் கல்யாணம் சொந்தத்தில் இல்லை, அசலில் நடந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அந்தக் காலத்துல இப்படிப் பிள்ளைக ஏது?" என்று கேட்டாராம். இருந்தார்கள். என் அப்பத்தா சொல்லும், வலை காயப்போடும் மணலில் நாளெல்லாம் மிதவைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாராம் ஒருவர். யாராவது ஒன்றை எடுத்துவிட்டால் கத்துவாராம். யாரிடமும் பேச்சில்லை. ஊசி என்ற சொல்லுக்கு வலை பின்னும் ஊசி மட்டுமே அர்த்தமாக இருந்த காலம் அது. ஊர் அவருக்கு வைத்த பெயர் கிறுக்கன்.

அப்புறம் அந்தக் கட்டுகிற விஷயம். பிள்ளை கையை உதறிக்கொண்டே இருந்தால் துணியால் கட்டிப் பழக்குங்கள் என்றார் வைத்தியர். மேடையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் சுருக்கென்று படவில்லையா? ஏர்வாடி நமக்குத் தூரமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டார்கள், அவர்களையும் நல்லதுக்கு என்றுதான் கட்டினார்கள். என் மகன் சந்தோஷம் வந்தாலும் கையை உதறுவான், பயம் வந்தாலும் உதறுவான். அதைக் கட்டிவிட்டால் அவன் மனசு எனக்கு எப்படித் தெரியும்?

பொடி வாங்கிய நான்கு வீட்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2005இல் அமெரிக்காவில், உடம்பில் இருக்கும் உலோகத்தை இறக்குகிறோம் என்று ஏற்றிய மருந்திலேயே 5 வயது ஆட்டிசப் பையன் ஒருவன் இறந்துபோனான். அதுவாவது ஒரு டாக்டர் கிளினிக்கில் கொடுத்த மருந்து. இந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறதா, பாருங்கள். எழுதியிருக்கவில்லை.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. தெரபிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், ஆனாலும் போகிறோம். படம் ஒட்டிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டியிருப்பான். தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர்ப் படம், சத்தம் தாங்கவில்லை என்றால் காது பொத்திய படம். அன்றைக்கு உங்கள் ஸ்பீக்கர் கத்தியபோது அந்தக் காது அட்டையை என் கையில் திணித்துக்கொண்டே இருந்தான். நான் என்ன செய்ய? (அவனுக்கு ஏதாவது அபூர்வ சக்தி இருக்குமே, தேதி சொன்னால் கிழமை சொல்வானா என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சொல்லமாட்டான். இட்லி நான்கு தின்பான்.)

2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம்வரை ஜெயில் என்கிறது அதன் 92ஆம் பிரிவு. கமிட்டிமேல் கேஸ் போடுவதற்காக இதை எழுதவில்லை. அடுத்த முறை மேடை போடும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான். வரும் புதன்கிழமைக்குள் சமுதாயக் கூடத்துச் சாவியை நர்சம்மாவிடம் கொடுங்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை, விட்டுப்போன பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள் என்று அதே மைக்கில், அதே சத்தத்தில் நீங்களே சொல்லுங்கள். நர்சம்மா சொன்னால் சம்பளத்துக்குச் சொல்கிறார் என்பார்கள், தலைவர் சொன்னால் கேட்பார்கள். அந்த ஒரு நாள் சத்தத்தை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

பொடிப் பணத்தை வைத்தியரிடமிருந்து வாங்கி நான்கு வீட்டுக்கும் திருப்பிக் கொடுங்கள். அவர் தரமாட்டார் என்றால் அவரைக் கூட்டிவந்த தலைக்கட்டு வரியிலிருந்து கொடுங்கள். பிள்ளைகளைக் கட்டச் சொன்னது தப்பு என்று கமிட்டித் தீர்மானமாக எழுதுங்கள்.

பால்வாடிக்கு வண்டியில் டாக்டர்கள் பரிசோதிக்க வருகிறார்களே, அந்த மத்திய அரசுத் திட்டம் 2013இலிருந்து இருக்கிறது. அவர்கள் வரும் நாளை முந்தின நாளே அறிவியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகளை அன்றைக்கு ஒளித்துவைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடத்தை எங்களுக்குக் கொடுங்கள். நம் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலுமாக எனக்குத் தெரிந்து இப்படி ஐந்து பிள்ளைகள். தெரபியில் சொல்லிக்கொடுத்ததை அம்மாக்கள் சேர்ந்து செய்ய ஒரு பாயும் ஒரு ஃபேனும் போதும். கரண்ட் பில்லை நாங்கள் கட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பொம்பளைகள் உட்காருவதில்லை என்று தெரியும். நான் வாசல்படியில் நின்றுகொள்கிறேன். என் மகனும் வருவான். கூடத்துத் தூண் எட்டையும் தொட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் எடுப்பான், அதுவரை யாரும் அவனை அதட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறபடி,
பேசாத பையன் அம்மா